நான்காவது திங்கள்

இந்த வாஷிங்டனில் வெள்ளை மாளிகை இல்லை.
வடகிழக்கு இங்கிலாந்து, வியர் ஆற்றுப் பக்கம்.
காதில் கருவி மாட்டி உட்கார்ந்திருக்கிறேன்
குழந்தைப்படி பற்றிக் கேட்க அழைப்பவர்களுக்காக.

நாள் முழுக்கச் சொல்வது இவ்வளவுதான்:
நான்கு வாரத்துக்கு ஒரு திங்கள்கிழமை பணம் விழும்.
வாடகை காலண்டரைப் பார்த்து வரும்.
இது நிலாவைப் பார்த்து வருவது போல,
இருபத்தெட்டு நாளுக்கொரு முறை.
ஆண்டுக்கு வாடகை பன்னிரண்டு, படி பதின்மூன்று.
அந்தப் பதின்மூன்றாவதைப் பலர்
கோடையிலேயே மனதுக்குள் செலவழித்துவிடுகிறார்கள்,
பெரும்பாலும் காலணிக் கடையில்.

பிறந்ததும் கேளுங்கள். தாமதித்தால்
பின்னோக்கி மூன்று மாதம்தான்;
அதற்கு முந்தைய பால்மாவு உங்கள் பாடு.
இரண்டு வீட்டில் மாறி மாறி வளரும் பிள்ளைக்கும்
ஒரே ஒருவர் கணக்குதான்.
(இங்கே அப்பாக்கள் கத்துவார்கள். முடிக்கட்டும் என்று காத்திருப்பேன்.)
மூத்ததற்கு வாரம் இருபத்தாறு பவுண்டை ஒட்டி,
அடுத்தடுத்தவற்றுக்குப் பதினேழை ஒட்டி.
ஏன் குறைகிறது என்பார்கள்.
தொட்டில்தான் ஏற்கெனவே இருக்குமே என்று
ஒருமுறை நானாகச் சொல்லி வைத்தேன்.
எதிர்முனையில் இரட்டைப் பிள்ளைக்காரி. சிரிக்கவில்லை.

நவம்பரில், பிளைத்திலிருந்து, கெரி ஹெப்பிள்.
பின்னால் சலவை இயந்திரம் சுற்றும் சத்தம்.
"நிறுத்தணும்."
எதை என்றேன்.
"ராஸுக்கு வர்றதை."
திரையில் காரணங்கள் வரிசையாக விரிந்தன:
படிப்பை விட்டான், வேலைக்குப் போனான்,
வேறு வீட்டுக்கு மாறினான்.
நானே கண்டுபிடிக்கட்டும் என்று அவர் பேசாமல் இருந்தார்.
ராஸுக்கு ஒன்பது வயது.

எட்டு வாரம் தொடரும் என்றேன்.
இரண்டு திங்கள். திருப்பித் தர வேண்டியதில்லை.
"அதுல என்ன வாங்குறது?"
என் தாளில் அதற்கு வரி இல்லை.

"அப்புறம் டில்லிக்கு?"
டில்லிக்குக் கூடும் என்றேன், வாரம் ஒன்பது பவுண்டு.
"எதுக்குக் கூடும்?"
ஏனென்றால் இனி அவள்தான் என்று தொடங்கினேன்;
அடுத்த சொல் வரவில்லை.
கணினிக்குத் தொண்டை கிடையாது.
ஜனவரித் தேதியிட்டு அவள் பெயரை
மேல் வரிக்கு ஏற்றி வைத்திருந்தது.
ஆறு வயது.
அண்ணனின் சைக்கிளில் இன்னும் கால் எட்டாதாம்.

சலவை இயந்திரம் நின்றது.
"அவகிட்ட சொல்லிடாதீங்க," என்றார்,
நான் ஏதோ அன்று மாலையே
அவர்கள் கதவைத் தட்டப் போவது போல.
சொல்ல மாட்டேன் என்றேன்.

அதற்குப் பிறகு 'மூத்தது' என்று
நான் யாரிடமும் சொல்வதில்லை.
'பெரிய தொகை வரும் பிள்ளை' என்கிறேன்.
அழைப்புக்கு நான்கு நொடி கூடுகிறது,
வழக்கமான சொல்லையே பயன்படுத்தவும் என்று
மேலாளர் இருமுறை எழுதிவிட்டார்.
படித்தேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
படித்தேன் என்று மட்டும்.