முப்பத்தைந்து வீதம்

முதல் நாள் முப்பத்தைந்தில் நின்றது.
இரண்டாம் நாளும் முப்பத்தைந்து.
மூன்றாம் நாள் முப்பத்தாறைத் தொட்டதும்
கையெடுத்துக் கும்பிட்டேன்.
கும்பிட்ட கை இறங்குமுன்
திரை கறுத்தது.

பிறகு தானாய் எழும்பி வந்து
வெள்ளை எழுத்தில், பணிவாக:
மாற்றங்களை மீளப்பெறுகிறோம்.
கணினியை அணைக்க வேண்டாம்.

நான் எங்கே அணைத்தேன்?

தலவாக்கலையில் இதை எனக்கு விற்ற ரிஃப்கான்
போனிலேயே நாடி பிடிப்பான்.
"டிஸ்க்குல எடமில்லக்கா, அழிங்க."
அழித்தேன்.
மச்சாண்டார் மகள் சமைந்த வீடியோ
மூன்று கோணத்தில் இருந்தது.
ஒரு கோணம் போதும் அந்தப் பிள்ளைக்கு.
"டொங்கிள எடம் மாத்துங்க."
கம்பியில் கட்டிக் கூரைத் தகரத்தில் தொங்கவிட்டேன்.
சிக்னல் இரண்டு கோடு ஏறியது,
மழைத்தண்ணி ஒரு சொட்டு இறங்கியது.
"அப்ப ஃபோர்மட்தான்" என்றான்,
காலை எடுத்துவிடலாம் என்கிற
டாக்டரின் குரலில்.

உள்ளே ஆறு பள்ளிக்கூடத்தின் வினாத்தாள்கள்.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
காலை எடுக்க நான் விடவில்லை.

ஒரு கொப்பி எடுத்தேன்.
விழுந்த நேரங்களை எழுதினேன்.
ஒன்பது நாற்பது.
ஒன்பது நாற்பத்திரண்டு.
ஒன்பது நாற்பது.
நான்காம் இரவு திரையைப் பார்க்கவில்லை,
பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது மஞ்சளானது.
சுவருக்கு அந்தப்பக்கம்
லோகநாயகி வீட்டு பிரிட்ஜ் ஒருதரம் இருமியது.
அப்புறம்தான் காதில் விழுந்தது,
பள்ளத்திலிருந்து,
பிறந்ததிலிருந்து கேட்பதால்
கேட்காமலே போன அந்த உறுமல்.

ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிறார்கள்.
தொட்டிக்கொரு காற்றாடி, ஒன்றன்பின் ஒன்றாக.
என் நாத்தனார் இன்று எடுத்துப் போட்ட
பதினெட்டுக் கிலோவும் அதில்தான் கிடக்கிறது.
அது வாட, இது சாகிறது.
ஒரே கம்பியில் இரண்டு பேரும்.

வாட்டில் நிற்கிற தர்மகுமாரிடம் கேட்டேன்,
கொஞ்சம் பிந்திப் போட முடியுமா என்று.
"பிந்துனா கொழுந்து செவக்கும்,
கொழுந்து செவந்தா தொர செவப்பாரு."
தலையைச் சொறிந்தான்.
"போயாவுக்குத்தான் கொழுந்து இல்லியே."

பேக்கரிக் கலண்டரில் ஐந்து நாள் இருந்தது.
ஐந்து நாளும் அது கேட்டது:
இப்போதா, பிறகா?
பிறகு என்று அழுத்தினேன்.

காணிக்குக் கேட்டால் பிறகு.
கூரைக்குக் கேட்டால் பிறகு.
கடிதம் வந்துசேர ஒரு வீட்டு இலக்கம் கேட்டால்
அதற்கும் பிறகு.
காதால் மட்டுமே தெரிந்த சொல்லை
முதல்முறை விரலால் சொன்னேன்.
நன்றாகத்தான் இருக்கிறது, சொல்கிறவருக்கு.

போயா இரவு.
நிலவை மூடுபனி தின்றுவிட்டது.
ஒன்பது நாற்பது வந்தது.
பல்பு இமைக்கவில்லை.
பள்ளத்தில் அப்படியொரு அமைதி,
யாரோ நாற்காலியை விட்டு எழுந்துபோனதுபோல.
முப்பத்தைந்து.
முப்பத்தாறு. (கும்பிடவில்லை.)
அறுபத்தொன்றில் இவர் வந்து
சாப்பாடு எங்கே என்றார்.
சட்டியில் என்றேன், தலை திருப்பாமல்.
எண்பத்தெட்டில் ஒரு கால்மணி நேரம்
அதுவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நூறு.
வணக்கம் என்றது.
வணக்கம் என்றேன், வாய்விட்டு.
முதல் வினாத்தாளைத் திறந்து
அச்சிடு என்றேன்.

பிரிண்டரைக் காணவில்லை என்கிறது.
என் முழங்கையை முட்டிக்கொண்டு
பச்சை விளக்கோடு நிற்கிற பிரிண்டரை.

பதினொன்று ஐம்பது.
ஏழு மணி பஸ்ஸுக்குத் தாள்கள் போகவேண்டும்.
ரிஃப்கானுக்கு அடிக்கவில்லை.
கொப்பியில் புதுப் பக்கம் புரட்டி
நேரத்தை எழுதினேன்.