ஏழு தசம் ஆறு

மாதத்தின் இரண்டாவது புதன்
அச்செழு சனசமூக நிலையம் எனக்கு.
கரம் போட்டைச் சுவரோடு சாத்திவிட்டு
வளையில் தராசைக் கட்டுவேன்.
இந்தமுறை கணக்கெடுப்புக்கென்று
இரத்தம் பார்க்கும் சின்னப் பெட்டியும் தந்திருந்தார்கள்,
எண்ணி நாற்பது ஸ்ட்ரிப்போடு.

கபிஷனுக்கு இருபத்திரண்டு மாதம்.
விரலில் குத்தினபோதும் அழவில்லை.
"நல்ல பிள்ளை மிசி, ஒரு குழப்படியும் இல்லை"
என்றாள் தாய்.
குழப்படி இல்லாத பிள்ளையைக் கண்டால்
எனக்குப் பயம்.
கீழ் இமையை இழுத்தேன்:
துருவின தேங்காய்ப்பூ நிறம்.
நகத்தை அமர்த்தி விட்டேன்.
தூரத்துக் கடைக்கு அனுப்பின பிள்ளைபோல
ஆடி அசைந்து திரும்பி வந்தது சிவப்பு.

பெட்டி கொஞ்சம் யோசித்தது.
ஏழு தசம் ஆறு.
பதினொன்றாவது இருக்கவேணும்.
ஏழுக்குக் கீழே இறங்கினால்
பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதவேணும்.
தசம் ஆறு தூரத்தில் நிற்கிறான்.

வாயோரம் மட்டும் நல்ல சிவப்பு.
மண்.
"அடிச்சாலும் தின்னுறான்.
சுவரையும் நக்குறான்."

இந்த மண் ஏன் சிவப்பென்று
ஒன்பதாம் வகுப்பில் படித்தது ஞாபகம்.
இரும்பு.
பரப்புப் பரப்பாய் இரும்பு கிடக்கிறது.
வெங்காயம் விளைந்து லொறியில் தம்புள்ளைக்குப் போகிறது,
புகையிலை ஆளுயரம் நிற்கிறது.
அள்ளித் தின்கிற பிள்ளையின் குடலுக்கு மட்டும்
அதைத் திறக்கத் தெரியாது.
தறையில் வெறுங்காலால் ஏறின கொழுக்கிப்புழுவுக்கோ
உள்ளே எல்லாக் கதவும் தெரியும்.

படிவத்தைப் பார்த்துக் கேட்டேன்.
காலமை என்ன குடுக்கிறனீங்கள்?
பாணும் தேத்தண்ணியும்.
மத்தியானம்?
சோறு, பருப்பு. சோத்தோடயே தேத்தண்ணி, இல்லாட்டி இறங்காது.
முட்டை?
"நாலு கோழி நிக்குது மிசி.
செவ்வாய்க்கிழமை லோன்காரன் வாறவன்."
முருங்கையிலை?
"விடிய அஞ்சரைக்குப் புல்லுப் பிடுங்கப் போறன்.
உருவி எடுக்கிறதுக்கும் ஒரு ஆள் வேணுமே."
இரும்புப் பாணி?
அவள் குரலைத் தாழ்த்தினாள்.
"நிப்பாட்டிப்போட்டன். கறுப்பாய்ப் போனவன்.
பயந்திட்டன்."

கறுப்பாய்த்தான் போகும், பயப்படாதே என்று
போத்தலைக் கொடுத்த அன்றே சொல்லியிருக்கவேணும்.
அன்றைக்கு நாற்பத்தொரு பிள்ளைகள்.
சொன்னேனா?
சொல்லவில்லை.

பேனையை மூடும்போது
தன் விரலை நீட்டினாள்.
"எனக்கும் ஒருக்கால் பாருங்கோவன்."

களை பிடுங்கிக் காய்த்த விரல்.
இரண்டாம் குத்தில்தான் துளி வந்தது,
அதுவும் தண்ணியாய்.
ஆறு தசம் ஒன்பது.

நாலரை வருஷத்தில் மூன்று பிள்ளை.
கடைசியான் வயிற்றுக்குள்ளேயே கடன்பட்டவன்,
கொடுத்தவளிடமும் இருப்பு இல்லை.
இதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

"என்னை விட அவனுக்குக் கூடவோ?"
ஓம் என்றேன்.
அவள் முகம் மலர்ந்தது, சத்தியமாய் மலர்ந்தது.
"அப்ப நான் குடுத்திருக்கிறன்தானே."

அவளுக்கு என்ன பதில் சொல்ல.
ஆஸ்பத்திரித் துண்டில் அவள் பெயரை எழுதினேன்.
எழுதும்போதே தெரியும்,
போனால் அன்றையச் சம்பளம் இல்லை.
கணக்குப் புத்தகத்தில்
ஒரு ஸ்ட்ரிப் பழுது என்று போட்டேன்.

வெளியே குழாயடியில்
அவனைக் குனியவைத்து வாயைக் கழுவினாள்.
சீமெந்தில் சிவப்பாய் ஓடிற்று தண்ணி.
மண் போகப் போக
அவன் வீரிட்டு அழத் தொடங்கினான்.
காலால் உதைத்தான், அவள் காதைப் பிடித்து இழுத்தான்.

அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிடாமல்
கொஞ்சநேரம்
அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.