ஏழாவது கேள்வி

டச்சுக்குடாக் கரைக்கு வண்டிகள் வரும்போது நாலரை.
சக்கரங்களுக்குக் கல் வைக்கிறார்கள்.
என் பையில் முப்பது படிவம், இரண்டு பேனா,
பல்கலைக்கழக முத்திரை குத்திய ஒரு கடிதம்.
கடிதத்தை யாரும் வாசிக்கவில்லை.

முதலாம் கேள்வி: என்ன விற்கிறீர்கள்?
கண்ணாடிப் பெட்டியை விரலால் தட்டினாள் மர்ஜானா.
வடைக்கு மேல் இறால்கள்
வாலோடும் மீசையோடும் சுருண்டு கிடந்தன,
பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழும்பிவிடும் போல.

மூன்றாம் கேள்வி: யாரிடம் பழகினீர்கள்?
"கேம்பில, பக்கத்துக் கூடாரத்துப் புள்ளையிட்ட."
பெயர்?
"பேர் கேக்கல்ல.
அவக்கிட்ட தாச்சி இருந்திச்சு,
எங்கக்கிட்ட அரைப் போத்தல் எண்ணெய்."

என் பேராசிரியருக்கு அம்புக்குறிகள் வேண்டும்:
எந்தப் பண்டம், எந்தக் கரையிலிருந்து, எந்த ஆண்டில்.
அம்பு தொடங்கும் இடத்தைக் கேட்டால்
இவர்கள் தாச்சியைக் காட்டுகிறார்கள்.

ஏழாவது கேள்வி: உங்கள் சொந்த ஊர் எது?

மூதூர் என்றாள்.
கொஞ்சம் பொறுத்து, கந்தளாய் என்றாள்.
வடையைத் திருப்பிப் போட்டுவிட்டு,
"எதை எழுதினாத் தோது, புள்ள?"

அச்சாறு வெட்டும் குசுமாவதி கையை நிறுத்தவில்லை.
வெரளிக்காய், அன்னாசி, மிளகாய்த்தூள்,
தமிழிலேயே சொன்னாள்: "நான் இங்கதானே."
இங்க எண்டால்?
கத்தி நுனி கீழே காட்டியது.
மணல். ஒரு தயிர்ச் சட்டி ஓடு. என் செருப்பு.

கொத்துரொட்டிக் கல்லடியில் சத்தத்தோடு சத்தமாகக் கத்திக் கேட்டேன்.
முனியாண்டி கத்திக் கத்தியே பதில் சொன்னார்:
பாட்டன் புதுக்கோட்டைப் பக்கமாம், பார்த்ததில்லை.
பிறந்தது அப்புத்தளை லயத்தில்.
எழுபத்தேழில் லொறியில் ஏறி இந்தப் பக்கம்.
அப்புறம் இங்கேயும் மூன்று தடவை மூட்டை கட்டியது.
பிறகு இரண்டு தகட்டையும் கல்லில் நிறுத்தினார்.
கடல் திடீரென்று பக்கத்தில் வந்தது.
"இதே கேள்விதான் தங்கச்சி, சாவடியில கேட்டது.
பதில் பிழைச்சா பஸ்ஸ விட்டு இறக்கிருவாங்க.
நீங்க எங்க இறக்கப் போறீங்க?"

சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரப் பிந்தியது.

அதற்குள் கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான் ஒன்று
கதிரையில் வைத்த படிவத்தைக் கடித்துக்கொண்டிருந்தது,
எண்ணெய் பட்ட மூலையிலிருந்து தொடங்கி, ஆறுதலாக.
யாரும் துரத்தவில்லை.
ஊர்க் குப்பையில் பங்குள்ள மான்.
முதல் பக்கமும் ஏழாவது கேள்வியும் போய்விட்டன.
"அதுட்டயும் கேளுங்க," என்றாள் குசுமாவதி,
"எந்த ஊர் எண்டு."

இருட்டியது. பெற்றோமாக்ஸ் இல்லை இப்போது,
பற்றரியில் நீல விளக்கு.
நீல வெளிச்சத்தில் எல்லோர் கையும் ஒரே நிறம்,
வடையும்கூட.

"உங்கட ஊர்?" என்று மர்ஜானா கேட்டாள்,
சும்மா, கடதாசி கிழித்தபடி.
அடையாள அட்டையில் ஒன்று இருக்கிறது.
வாடகை ரசீதில் இன்னொன்று.
"வீட்டை எப்ப வாறாய்" என்று அம்மா கேட்பது
ஸ்காபரோவில் ஒரு பன்னிரண்டாம் மாடியிலிருந்து.
நான் இறால் மீசையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.
அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு
சம்பல் இன்னொரு கரண்டி வைத்தாள்.

மூன்று வடை. ஐந்நூறு ரூபாய்த் தாள்.
மீதி ஐம்பது அவளிடம் இல்லை,
குசுமாவதியிடமும் இல்லை.
"நாளைக்கு வாங்குங்களன்."

எட்டரைக்குக் கொழும்பு பஸ்.
சொல்ல வாயெடுத்தேன்.
சரி, நாளைக்கு, என்றேன்.

கன்னியாச் சந்தி தாண்டும்போது
படிவங்களை எண்ணிப் பார்த்தேன், இருபத்தொன்பது.
விரலில் இன்னும் எண்ணெய்.
இந்த ஊர் எனக்கு
ஐம்பது ரூபாய் தரவேண்டி இருக்கிறது.