நான்கு மைக்ரான்

வாளியில் போட்டால் கல்லீரல் முங்கிவிடும்.
இது மிதக்கும்.
ஃபார்மலின் டப்பாவில் ஈரத்துணியை மேலே அமுக்கித்தான்
அனுப்புகிறார்கள். அப்படியும்
ஓரமாக எழும்பி எட்டிப் பார்க்கும்.
நுரையீரல் என்று பெயர் வைத்தவர்
கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.
விரல் பட்டால், புளித்த மாவில் கரண்டி விட்டதுபோல்
குமிழ் குமிழாய் நொறுங்கும் சத்தம்.

சீட்டில்:
தேசப்பன், ஆண், 53, கொருக்குப்பேட்டை.
தொழில்: ஹார்பர், கரி, இருபது வருஷம்.
மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

வாங்குகிறது.
வேறு எதையும் இவ்வளவு விலைக்கு
அவர் வாங்கியிருக்க மாட்டார்.

மெழுகுக்குள் அவர் இப்போது தபால்தலை அளவு.
மைக்ரோடோம் பிடியைச் சுற்றுகிறேன்,
நான்கு மைக்ரான்.
ஐஸில் இருந்த மெழுகு விரிசல் விடுகிறது,
சுருண்டு கத்தியில் ஒட்டுகிறது.
அப்போது நாங்கள் ஒன்று செய்வோம்,
டெண்டரில் வராத கருவி:
குனிந்து பிளாக்கின் மேல்
ஹா என்று ஊதுவோம்.
மூக்குக்கண்ணாடி துடைக்க ஊதுவதுபோல.

ரிப்பன் வழுவழுவென்று வந்தது.
காலையில் எண்ணூர் ஹைரோட்டில்
கன்டெய்னர் லாரிக்குப் பின்னால்
ஸ்கூட்டியில் நான் இழுத்த அதே காற்றுதான்
போய்ச் சேர்ந்தது அவருக்கு.

சாயம் பிடித்ததா என்று பார்ப்பது மட்டும் என் வேலை.
நோயைச் சொல்ல டாக்டர் வருவார்.
ரோஸ், ஊதா. பிடித்திருக்கிறது.

சுவர்கள். ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ரத்தம்,
நடுவே அடுத்த வீட்டு இருமல் கேட்கிற
போர்டு குடியிருப்புச் சுவரைவிட மெல்லிசு.
சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாய்
உடம்பை ஒடுக்கிக்கொண்டு நகர்கின்றன,
சந்தில் எதிரே மீன்பாடி வண்டி வந்தால்
நாம் ஒதுங்குகிற மாதிரி.
மூலைக்கு ஒரு தடித்த செல்.
சோப்புத்தண்ணீர் போல எதையோ கசியவிடும்;
அது இல்லையென்றால் அறைகள்
நனைந்த பாலிதீன் பையாய் ஒட்டிக்கொள்ளும்.

இவருக்குச் சுவர் பல இடத்தில் இல்லை.
ஐந்தாறு அறை சேர்ந்து ஒரு கூடம்.
இடம் பெரிசு, புழங்க வழியில்லை.

அப்புறம் கறுப்பு.
தூசி தின்னும் செல்கள் கரியைத் தின்றிருக்கின்றன.
செரிக்கவில்லை. செத்தன.
சிந்திய கரியை அடுத்தது தின்றது,
அதுவும் செத்தது,
இன்னொன்று வந்தது.
ஷிப்ட் மாறுகிறது. மூட்டை மாறவில்லை.

ஜன்னலில் தட்டினாள் மகள் சத்தியவாணி.
"மேடம், அப்பா ரிப்போர்ட்டு?"
வியாழக்கிழமை, என்றேன்.
பின்னால் பெஞ்சில் அவர்,
இரண்டு கையும் முட்டியில் ஊன்றி,
மீதியை வைத்து
இழுத்துக்கொண்டிருந்தார்.

"அறுத்து எடுத்தத இன்னா பண்ணுவீங்கோ?"

மெழுகில் இருக்கும். நம்பர் போட்டு
டிராயரில் வைப்போம். கெட்டுப்போகாது.

"அதுக்கின்னா," என்றார் தேசப்பன்,
நடுவில் ஒருமுறை நின்று,
"அது ஜாலியா இருக்கும்."