ஊசி ஏறாத நாடா

குண்டுகளை நான் வாங்குவதில்லை.
கெட்டிஸ்பர்க்கில் அவை மலிவு.
மிட்டாய்க் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில்
கண்ணாடி ஜாடி நிறைய, ஒன்று ஆறு டாலர்.
பாதி போன வருடம் வார்த்த ஈயம் என்று
விற்கிறவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்,
உள்ளங்கை வியர்க்க மூடிக்கொண்டு ஓடும்
பையனுக்கு மட்டும் தெரியாது.

நான் சேர்ப்பது பிழைத்தவர்களின் சாமான்.
ஐம்பது வருடம் கழித்துத் திரும்பி வந்து
அதே வயலில் கூடாரத்தில் படுத்து
அதே ஜூலையில் வெந்து
சுட்டவனோடு கை குலுக்கிவிட்டுப் போன
கிழவர்களின் பதக்கங்கள்.

இடையில் சில்லறைப் பாவங்களும் உண்டு.
களத்து மரத்தில் கடைந்ததாகச் சொல்லி
என் தலையில் கட்டிய கைத்தடிகள் மூன்று.
அப்படி விற்ற தடிகளையெல்லாம் திரும்ப நட்டால்
இந்த மாவட்டத்தில் சோளம் போட இடமிருக்காது.
குன்றின் படம் போட்ட பீங்கான் தட்டு ஒன்று,
கவிழ்த்தால் பச்சை மையில்: ஜெர்மனியில் செய்தது.
வருடம் 1913.
அடுத்த கோடையைப் பற்றித் தட்டுக்கு ஒன்றும் தெரியாது.
அதில் நான் பிஸ்கட் வைப்பதில்லை.

பதக்கம் கைக்கு வந்தால்
வெண்கலத்தைப் பார்ப்பது அப்புறம்.
முதலில் பட்டு நாடாவை விளக்குக்கு நேரே பிடிப்பேன்.
ஊசித் துளைகள்.
நான்கு இருந்தால் நான்கு காலை.
ஒன்றுக்கொன்று கோணலாக இருந்தால்
கை நடுங்கியிருக்கிறது.
ஒரே ஒரு துளை, துருவோடு, நேராக என்றால்
மகளோ மருமகளோ குத்திவிட்டாள்,
ராத்திரியும் கழற்றாமல் தூங்கினார்.
ஒன்றில் குழம்புக் கறை.
அதற்கு மட்டும் பேரம் பேசாமல் கொடுத்தேன்.

போன அக்டோபர், நியூ ஆக்ஸ்ஃபர்ட் சந்தையில்
மெர்ல் ஷ்ரைவர் ஓர் உறையை நீட்டினான்.
"துளையே இல்லை, வெர்னா. புத்தம் புதுசு.
எண்பது டாலர் கூட."
வராதவனுக்கு விலை அதிகம்,
சந்தையின் நியாயம் அது.

உறைக்குள் நாடா, ரயில் சீட்டு.
ஹைரம் ட்ரெக்ஸ்லர், வில்லியம்ஸ்போர்ட்.
முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினேன்,
பீரங்கிகளுக்கு நடுவே, நாளைக்கு இருமுறை.
எவன் எங்கே ஏறினான், எவன் எங்கே இறங்கினான்
என்று பார்ப்பது என் ரத்தத்தில் ஊறிப்போனது.
சீட்டில் துளைகளை எண்ணினேன்.
ஹாரிஸ்பர்க் வரை பஞ்ச் செய்திருக்கிறது.
அதற்கப்புறம் இல்லை.

இன்னும் ஒன்றரை மணி நேரம்தான்.
மாநிலம் கொடுத்த சீட்டு, காசும் அவருடையதில்லை.
உடம்புக்கு முடியவில்லையோ,
வண்டி தப்பியதோ,
மோட்டுவளையில் தொங்கிய கொடியைப் பார்த்தாரோ.
மெர்லைக் கேட்டேன். தோளைக் குலுக்கினான்.
இறப்புக்குப் பின் வீட்டைக் காலி செய்தபோது
தையல் பெட்டிக்குள் கிடந்ததாம்,
இத்தனை ஊசிகளுக்கு நடுவே.

என் தம்பி ஆரின் கராஜுக்கு மேலே இருக்கிறான்.
வருடா வருடம் அவனுடைய படைப்பிரிவிலிருந்து
கடிதம் வரும்:
ஹோட்டல், விருந்து, தொப்பியின் அளவு என்ன.
பிரிக்க மாட்டான்.
நான்காக மடித்து
சமையலறை மேசையின் ஆடும் காலுக்கு அடியில்
செருகிவிடுவான்.
எழுபத்தொன்றிலிருந்து அந்த மேசை ஆடியதில்லை.

அதன்மேல் சீட்டை வைத்தேன், ஒன்றும் சொல்லாமல்.
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
முன்னும் பின்னும் திருப்பினான்.
நாடாவைத் தொடவில்லை.
காப்பி ஆறி ஏடு கட்டிய பிறகு கேட்டான்:

"ஹாரிஸ்பர்க் ஸ்டேஷனில்
உட்கார பெஞ்சு இருந்திருக்குமா?"

இருந்திருக்கும் என்றேன்.
ஜூலை மாதம்,
நிழலும்கூட இருந்திருக்கும்.