ஏழாவது கேள்வி

ஓஷ் நகரிலிருந்து பிஷ்கெக்குக்குப் பன்னிரண்டு மணி நேரம்.
டோக்தோசுனின் பழைய ஹோண்டாவில் எனக்கு நடு இருக்கை.
இந்தப் பக்கம் வால்நட் மூட்டையோடு ஷைர்குல் அக்கா,
அந்தப் பக்கம் விடுப்பு முடிந்து முகாமுக்குத் திரும்பும் பையன்.
மடியில் நகலின் நகலாய் ஒரு பயிற்சிப் புத்தகம்.
படங்களெல்லாம் கறுத்து,
எது ஏரி, எது கார் நிறுத்துமிடம்
என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இயர்போனில் ஒரு காது செத்துப்போயிருந்தது.
"சத்தமா வையேன், எங்களுக்கும் பொழுது போகும்"
என்றார் டோக்தோசுன்.
வைத்தேன்.

இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊர்.
நீச்சல் குளத்தில் சேர வந்திருக்கிறாள் ஒருத்தி.
இன்னொருத்தி பேர் கேட்கிறாள், எழுத்துக்கூட்டச் சொல்கிறாள்.
ஹெச், ஏ, இரண்டு ஆர்.
"பாவம், படிச்ச பொண்ணுக்கு ஒரு பேரை எழுத வரலையே"
என்று வால்நட் உடைத்து நீட்டினார் ஷைர்குல் அக்கா.
தொக்தோகுல் ஏரியைச் சுற்றி முடிப்பதற்குள்
அவளுடைய தபால் குறியீடு
காரில் எல்லோருக்கும் மனப்பாடம்.

பதினோரு வருஷமாய் நரம்பு தேடி ஊசி போடுகிறேன்.
இருட்டிலும் தேடிவிடுவேன்.
லீட்ஸ் நகரத்துக் கிழவர்களுக்கு
நரம்பு வேறு பக்கமா ஓடும்?
ஆனாலும் ஏழு வேண்டும்.
நாலு தாளிலும் ஏழு.

ஏழாவது கேள்வி:
புதியவர்கள் எந்த வழியாக உள்ளே வர வேண்டும்?
இரண்டு சொற்களுக்கு மிகாமல் எழுதுக.
அந்த நேரம் பார்த்தா
தூ-அஷூ சுரங்கம் வர வேண்டும்!
லாரி உறுமல், புகை, ஜன்னல் ஏற்றும் சத்தம்.
வெளியே வந்தபோது அவள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பின்வாசல்" என்றார் டோக்தோசுன்.
"சும்மா விடுவாங்களா, காசு கட்டிட்டுத்தான்" என்றார் அக்கா.
பையன் ஒன்றும் சொல்லவில்லை.
"திருப்பிப் போடேன்."
மாட்டேன் என்றேன்.
தேர்வில் ஒரு தடவைதான் ஒலிக்கும்.
காரா-பால்தா வரும்வரை யாரும் என்னோடு பேசவில்லை.

மறுநாள் பேச்சுத் தேர்வு.
அந்த அம்மாள் ஓர் அட்டை நீட்டினார்:
மறக்க முடியாத ஒரு பயணம். இரண்டு நிமிடம்.
பாரிஸ் பற்றிப் பதினாறு வாக்கியம் கைவசம் இருந்தது
(போனதில்லை).
வாயைத் திறந்தால்
வந்தது ஹோண்டா.

எங்கள் மொழியில் அவனும் இல்லை, அவளும் இல்லை.
'அல்' ஒன்றுதான்.
புருஷனும் அல், மாமியாரும் அல், மலையில் விழும் பனியும் அல்.
அதனால் அந்த இரண்டு நிமிடத்தில்
டோக்தோசுன் பெண்ணாகிப்போனார்.
மூன்றாயிரம் மீட்டர் உயரத்தில் ஒற்றைக் கையால் வளைவு திருப்பினாள்,
மீசையைத் தடவிக்கொண்டாள்,
என் கேள்விக்குத் தன் பதிலைச் சொன்னாள்.
பரிசோதகரின் பேனா ஒரு கணம் நின்றது.
மீசையில் என்று நினைக்கிறேன்.
திருத்தலாமா என்று யோசிப்பதற்குள்
நன்றி என்று அட்டையை வாங்கிக்கொண்டார்.

கேட்டல் எட்டு. பேச்சு ஆறரை.
அந்த அரைக்காக மறுபடியும்
ஒரு மாதச் சம்பளமும் அதற்கு மேலே கொஞ்சமும்.
வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை,
தட்டில் இறைச்சி மட்டும் ஒரு துண்டு கூடுதலாக விழுந்தது.

மூன்று வாரம் கழித்து, இரவுப் பணியில் இருக்கும்போது போன்.
"டோக்தோசுன் பேசறேன். அந்த ஏழு என்ன ஆச்சு?"
பாஸா என்று கேட்கவில்லை மனிதர்.
"பக்கக் கதவு. சைட் டோர்.
முன்னாடி 'த' போட்டா மூணு சொல், தப்பு."
"நீதான் எப்பவும் அந்த 'த'வை மறந்துடுவியே?"
"இதுல மட்டும் ஞாபகமாப் போட்டிருந்தேன்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.
பின்னால் யாரோ பெட்டியை ஏற்றும் சத்தம்.
"அடுத்தது எப்போ?"
"மார்ச் ஒன்பது."
"எட்டாந்தேதி விடியக்காலம் நாலுக்கு வா.
முன்சீட்டு உனக்கு.
சுரங்கத்துக்கு முன்னாடி வண்டியை நிறுத்தறேன்,
ஏழு முடியட்டும்."