இன்னைக்கு வேணாம் மிஸ்

செம்மண்டலம் சிக்னலில் நிற்கும்போது
கைப்பைக்குள் ஃபோன் அதிர்ந்தது.
'மோகித்துக்கு ஜுரம். இன்னைக்கு வேணாம் மிஸ்.'
மணி நாலு ஐம்பத்திரண்டு. வகுப்பு ஐந்துக்கு.
பச்சை விழுந்ததும் பின்னால்
பண்ருட்டி பஸ் ஹாரனைப் பிழிகிறது.
எனக்குப் போக இடமில்லை என்பது
அந்த டிரைவருக்கு எப்படித் தெரியும்.

கணக்கு டியூஷன். எட்டு வீடு.
மாதம் பன்னிரண்டு வகுப்பு, ஒன்றுக்கு இருநூறு.
நடந்தால் டிக். நடக்காவிட்டால் சுழியம்.
கலெக்டர் மழை லீவு அறிவிக்கும் காலையில்
புதுப்பாளையமே குதிக்கும்;
நான் நோட்டை எடுத்து
வரிசையாகச் சுழியம் போட உட்காருவேன்.

இத்தனை வருஷத்தில் நோய்கள் அத்துப்படி.
மாதத் தேர்வுக்கு முதல்நாள் வரும் வயிற்றுவலி.
வீட்டுப்பாடம் முடிக்காத தலைவலி.
அத்தை மகள் வளைகாப்புக்குப் போய்
புது டிரெஸ்ஸோடு திரும்பும் வாந்திபேதி.
நிஜக் காய்ச்சல் அப்படியில்லை.
அதற்குச் செய்தி அனுப்பவே ஞாபகம் இருக்காது.
பூட்டிய கேட்டில் நான் நிற்கையில்
மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்துச் சொல்வார்.

நானும் யோக்கியமில்லை.
ஒரு வியாழக்கிழமை
'தொண்டை சரியில்லை' என்று அனுப்பிவிட்டு
தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு
மிளகாய் பஜ்ஜி தின்றேன்.
யாருக்கும் நஷ்டமில்லை. எனக்குத்தான் இருநூறு.

ஐப்பசியில் நிஜமாகவே டைபாய்டு, பதினோரு நாள்.
'உடம்பப் பாத்துக்கோங்க மிஸ்,
அரையாண்டுக்குள்ள போர்ஷன் முடிஞ்சிடுமா?'
இரண்டும் ஒரே செய்தியில்.
மாதக் கடைசியில் மோகித்தின் அம்மா தந்த கவரில்
ஆயிரத்து நானூறு.
ஐந்தை இருநூறால் பெருக்கி, கழித்து,
ஒரு பிழை கிடையாது.

அந்தப் படுக்கையில்தான் விதிகள் எழுதினேன்.
முந்தின இரவு ஒன்பதுக்குள் சொல்லாவிட்டால்
முழுக் கட்டணம். அடிக்கோடு வேறு.
இருபது ஜெராக்ஸ் எடுத்தேன்; நீட்டக் கை வரவில்லை.
ரஃப் பேப்பர் கேட்ட சஃப்வானுக்கு ஒன்று போனது.
பின்பக்கம் முழுக்க சைன் தீட்டா, காஸ் தீட்டா.

கார்த்திகையில் சஃப்வானுக்கு டெங்கு.
பிளேட்லெட் முப்பதாயிரம் என்றார்கள்.
எண்களை விற்றுச் சாப்பிடுகிறவள்,
அந்த எண்ணை மட்டும்
திருப்பிச் சொல்ல முடியவில்லை.
மூன்று வாரம் அவன் கட்டத்தில்
சுழியம்கூடப் போடாமல் விட்டுவைத்தேன்.

எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்றதும்
முதுநகருக்குப் பார்க்கப் போனேன்.
அவன் அம்மா நூருன்னிசா கவரை நீட்டினார்.
முழு மாதம்.
'நான் நடத்தவே இல்லையே.'
'அவனோட அஞ்சு மணிய
வேற யாருக்காச்சும் குடுத்தீங்களா?'
'இல்ல.'
'அப்ப அது எங்க மணிதானே மிஸ்.
உங்க சட்டத்தப் படிச்சேன்.
அவன் கணக்குக்குப் பின்னாடி இருந்துச்சு.'

வாங்கிக்கொண்டேன்.
பாதியைத் திருப்பித் தந்து நல்லவளாகியிருக்கலாம்.
ஸ்கூட்டிக்கு டயர் மாற்ற வேண்டியிருந்தது.

இப்போது கெடிலம் பாலத்து ஓரம் வண்டியை நிறுத்தி
மோகித்தின் அம்மாவுக்குத் தட்டுகிறேன்.
'இளநீர் குடுங்க. புதன்கிழமையும் முடியலன்னா
முந்தின நாளே சொல்லிடுங்க.
இன்னைக்கு அஞ்சு மணி அவனுக்குன்னு வெச்சது.
அதக் கணக்குல சேத்துக்கறேன்.'
மூன்று முறை அழித்தேன்.
நாலாவது முறை விரல் முந்திக்கொண்டது.

இரண்டு நீல டிக்.
'டைப் செய்கிறார்' என்று வருகிறது,
நிற்கிறது, மறுபடி வருகிறது.
கீழே மழைத் தண்ணீர்
ஆகாயத் தாமரையைக் கடல் பக்கம்
தள்ளிக்கொண்டு போகிறது.
மணி ஐந்து பத்து.
நோட்டை எடுத்து இன்றைய கட்டத்தில்
டிக்கும் இல்லாமல் சுழியமும் இல்லாமல்
'கிளம்பி வந்தேன்'
என்று எழுதினேன்.